கண்ணாடியும் சட்டகமும்: 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியமும் சமுதாயமும்

கலை, அது தோன்றிய காலத்தின் கண்ணாடி என்னும் கூற்று நம்மிடையே பெருவழக்காகிவிட்டது. நாவலைப் பற்றி எழுதினாலும் நாடகத்தைப் பற்றி எழுதினாலும் இக்கூற்றோடு தொடங்கி, அக்காலச் சமுதாய நிலைமைகளைச் சிறிது விவரித்து, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று முடிப்பது நமது கட்டுரைகளில் ஒரு வாய்பாடாகவே அமைந்துள்ளது. இவ்வாய்பாடு முற்றிலும் பிழையானதன்று. கலை சமுதாயத்துக்கு அப்பாற்பட்டதென்று வாதித்தோருக்கு எதிராக அது ஆற்றிய பணி பெரிது. ஆயினும் கண்ணாடி என்னும் உவமை சில வினாக்களை மறைத்துவிடுகின்றது. கண்ணாடியைப் பிடித்திருப்பவர் யார்? அது எத்திசையை நோக்கிப் பிடிக்கப்பட்டுள்ளது? அதன் சட்டகத்துக்கு வெளியே நின்றவர் யாவர்? இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்து ஓவியத்தைப் போல ஏற்ற களம் பிறிதொன்றில்லை எனலாம்.

ஏனெனில், உள்ளதை உள்ளவாறே காட்டியது என்று ஐரோப்பிய ஓவிய வரலாற்றில் மிகுதியாகப் போற்றப்பட்டது அவ்வோவியமே. ஜேர்மனியத் தத்துவஞானி ஹெகல் தமது அழகியல் விரிவுரைகளில், கடலிடமிருந்து நிலத்தையும் ஸ்பானிய முடியாட்சியிடமிருந்து சுதந்திரத்தையும் தம் சொந்த முயற்சியால் வென்றெடுத்த ஒரு மக்கட்கூட்டத்தின் மனநிறைவை இவ்வோவியங்களிற் கண்டார். பிரெஞ்சு ஓவியரும் விமர்சகருமான பிரொமந்தன் 1876இல் வெளியிட்ட நூலில், இவ்வோவியம் முழுவதும் ஒல்லாந்து நாட்டின் உருவப்படமே என்னும் கருத்தை முன்வைத்தார். இவர்கள் கூறியதில் உண்மை உண்டு. ஆனால் உருவப்படம் என்பது பணம் கொடுத்து வரைவிக்கப்படுவது. வரைவிப்பவர் தாம் எவ்வாறு தோன்ற விரும்புகின்றாரோ அவ்வாறு அமர்ந்திருப்பது. அந்த வகையிலேயே ஒல்லாந்து ஓவியம் ஒல்லாந்தின் உருவப்படமாயிற்று என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு பேசப்படும் ஓவியங்களை நூல்களிலுள்ள அச்சுப்படிகளில் மாத்திரமே இக்கட்டுரையாளர் கண்டவர் என்பதையும் தொடக்கத்திலேயே கூறிவிடுதல் முறையாகும்.

புதிய குடியரசு

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெதர்லாந்து மாகாணங்கள் ஸ்பானிய அரசன் இரண்டாம் பிலிப்பின் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன. வரிச்சுமையும், புரட்டஸ்தாந்து மதத்தினர்மீது நடத்தப்பட்ட அடக்குமுறையும், நகரங்களின் பழைய உரிமைகளில் அரசு தலையிட்டமையும் கிளர்ச்சிக்குக் காரணங்களாயின. 1566இல் கல்வினிய மதத்தினர் தேவாலயங்களுக்குள் புகுந்து திருவுருவங்களையும் பலிபீட ஓவியங்களையும் உடைத்தெறிந்தனர். 1579இல் வடபகுதி மாகாணங்கள் யூட்ரெக்ட் நகரில் ஒன்றியமாக இணைந்தன. 1581இல் பிலிப்பைத் தம் அரசனாக ஏற்க மறுத்தன. 1609 முதல் 1621 வரை நிலவிய போர்நிறுத்தக் காலம் நீங்கலாக நெடுங்காலம் தொடர்ந்த போர், 1648ஆம் ஆண்டு மூன்ஸ்ரர் உடன்படிக்கையுடன் முடிவுற்றது. ஒல்லாந்தும் அதன் அயல் மாகாணங்களும் ஒரு குடியரசாக ஐரோப்பிய வல்லரசுகளால் அங்கீகரிக்கப்பட்டன.

இப்போரின் இடையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் ஓவிய வரலாற்றுக்கும் முக்கியமானது. 1585இல் தென்பகுதியின் பெருந்துறைமுகமான அன்ற்வேர்ப் ஸ்பானியரிடம் வீழ்ச்சியுற்றது. அதனைத் தொடர்ந்து வணிகரும் நெசவாளரும் ஓவியரும் ஆயிரக்கணக்கில் வடக்கே குடிபெயர்ந்தனர். பின்னாளில் ஹார்லெம் நகரின் புகழ்பெற்ற ஓவியராக விளங்கிய பிரான்ஸ் ஹல்ஸ், அன்ற்வேர்ப்பிற் பிறந்து பெற்றோருடன் இவ்வாறு வந்துசேர்ந்த பிள்ளையே. மூலதனமும் கைத்திறனும் ஒரே காலத்தில் ஒரே திசையிற் பெயர்ந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அம்ஸ்ரர்டாம் நகரின் எழுச்சி இதன்பின் விரைவாயிற்று. 1602இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி தொடங்கப்பட்டது. 1609இல் நாணயமாற்று வங்கியும், 1611இல் வணிகப் பரிவர்த்தனை மண்டபமும் உருவாயின. ஆட்சியதிகாரம் நகரசபைகளைத் தம் கைக்குள் வைத்திருந்த செல்வந்த வணிகக் குடும்பங்களிடம் சேர்ந்தது. நிலமானியப் பிரபுத்துவமும் அரசவையும் ஏனைய ஐரோப்பிய நாடுகளிற் பெற்றிருந்த இடத்தை இங்கு வர்த்தக முதலாளித்துவ வகுப்பே பெற்றுக்கொண்டது.

சந்தையும் பாணியும்

இம்மாற்றம் ஓவியரின் நிலையை அடியோடு மாற்றியது. கத்தோலிக்க நாடுகளில் ஓவியரைப் பேணியவை தேவாலயமும் அரசவையும் ஆகும். கல்வினிய தேவாலயமோ வழிபாட்டிடத்தில் ஓவியத்தை அனுமதிக்கவில்லை. வெண்சுண்ணம் பூசப்பட்ட அதன் வெறுஞ்சுவர்களையும் உயர்ந்த தூண்களையும் பீற்றர் சென்றெடாம் என்னும் ஓவியர் தம் வாழ்நாள் முழுவதும் வரைந்தார். படங்கள் நீக்கப்பட்ட கோயிலையே படமாக்கி வீட்டுச் சுவருக்கு விற்கும் விந்தையான நிலையை அங்கே காண்கிறோம். ஹேக் நகரில் ஒறேஞ்ச் இளவரசரின் அவை இருந்ததாயினும், பெருந்தொகையான ஓவியர்களை ஆதரிக்க அது போதியதாக இல்லை. எனவே ஓவியன் முன்பின் அறியாத கொள்வோனை எதிர்பார்த்து வரையலானான். ஓவியம் கடைகளிலும் ஏலங்களிலும் சந்தைகளிலும் அதிர்ஷ்டலாபச் சீட்டுகளிலும் கைமாறியது.

அயல்நாட்டுப் பயணிகள் இதனைக் கண்டு வியந்துள்ளனர். 1640இல் அம்ஸ்ரர்டாமுக்கு வந்த பீற்றர் மண்டி என்னும் ஆங்கிலேயர், இறைச்சி விற்போரும் பாண் சுடுவோரும் மாத்திரமன்றிக் கொல்லரும் செருப்புத் தைப்போரும் தம் பட்டறைகளிலே படங்களை மாட்டியிருந்தனர் என்று குறித்துள்ளார். அடுத்த ஆண்டு றொட்டர்டாம் சந்தையில் ஓவியங்கள் குவிந்திருக்கக் கண்ட ஜோன் ஈவ்லின், முதலீடு செய்வதற்கு நிலம் போதாமையாலேயே விவசாயிகளும் படங்களில் பணத்தைப் போடுகின்றனர் என ஊகித்தார். பயணிகளின் கூற்றில் மிகை கலந்திருக்கலாம். ஆயினும் இறந்தோர் விட்டுச்சென்ற உடைமைகளின் பட்டியல்களை ஆராய்ந்த பொருளியல் வரலாற்றாசிரியர்கள், நடுத்தர வருவாயுடைய வீடுகளிலும் பல படங்கள் இருந்தமையை உறுதிப்படுத்தியுள்ளனர்.

சந்தை ஓவியத்தின் பொருளை மாத்திரமன்றிப் பாணியையும் தீர்மானித்தது. யான் வன் கோயென் என்பாரின் நிலக்காட்சி ஓவியங்களை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். முந்திய தலைமுறையினர் மரத்தின் ஒவ்வோர் இலையையும் பல வர்ணங்களால் நுணுகி வரைந்தனர். வன் கோயென் கபிலமும் சாம்பலும் மங்கிய பச்சையுமாகிய சில மலிவான வர்ணங்களைக் கொண்டு, முதற்பூச்சு உலருமுன்னரே மேற்பூச்சை இட்டு, விரைவாக ஒரு படத்தை முடித்தார். தாழ்ந்த அடிவானம், ஈரம் கனத்த முகில்கள், ஆற்றோரத்தில் ஒரு தோணி ஆகியன அவர் கண்ட ஒல்லாந்து ஆகும். உழைப்பு நேரம் குறைந்தது, விலை குறைந்தது, கொள்வோர் தொகை பெருகியது. அதே வேளையில், அந்நாட்டின் ஈரக்காற்றையும் மங்கிய ஒளியையும் அதற்குமுன் எவரும் காட்டாத உண்மையுடன் காட்டும் ஒரு முறையும் பிறந்தது. சிக்கனம் ஓர் அழகியலாக மாறிய விதத்தை இங்குக் காண்கிறோம். பொருளாதாரக் காரணத்தைக் கூறியவுடன் கலையின் பெறுமதி குறைந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு வன் கோயெனின் முகில்கள் தக்க விடையாகும். அவர் ரியூலிப் மலர்க்கிழங்கு வாணிபத்திலும் நிலவாணிபத்திலும் பணத்தைப் போட்டு, 1637இல் மலர்க்கிழங்குச் சந்தை சரிந்தபோது பெருநட்டமடைந்து, 1656இல் கடனாளியாகவே இறந்தார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே.

இதற்கு மறுதலையாக அமைபவர் டெல்ப்ட் நகரத்து வெர்மீர். இன்று நமக்குக் கிடைப்பன ஏறக்குறைய 35 ஓவியங்களே. அவர் மிக மெதுவாக வரைந்தவர். அவருடைய படங்களிற் பெரும்பகுதி ஒரே நகரத்துச் செல்வந்தக் குடும்பமொன்றிடம் சேர்ந்திருந்தது. 1696இல் அம்ஸ்ரர்டாமில் நடைபெற்ற ஏலத்தில் அக்குடும்பவழி வந்த 21 வெர்மீர் ஓவியங்கள் விற்கப்பட்டன. ஆகவே சந்தை என்று பொதுவாகக் கூறினால் மாத்திரம் போதாது. எந்த ஓவியன், எவ்வகையான கொள்வோனை நம்பி, எவ்வளவு காலம் செலவிட்டு வரைய முடிந்தது என்று ஒவ்வொன்றாக நோக்குதல் அவசியமாகும்.

இல்லத்துச் சுவரில் ஒரு வகுப்பு

தேவாலயத்தை விட்டு வீட்டுச் சுவருக்கு வந்த ஓவியம், அவ்வீட்டார் தம்மைத் தாமே காண விரும்பிய உருவங்களைக் காட்டலாயிற்று. இயேசுவின் பாடுகளுக்கும் அரசரின் வெற்றிகளுக்கும் உரியதாயிருந்த பெருந்திறன், கடிதம் வாசிக்கும் பெண்ணுக்கும் முற்றம் கூட்டும் சிறுமிக்கும் மேசைமீது கிடக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் செலவிடப்பட்டது. சாதாரண மனிதரும் சாதாரணப் பொருள்களும் கலைக்குத் தகுதியுடையன என்னும் எண்ணம் இவ்வளவு பரந்த அளவில் நிலைபெற்றமை ஒரு பெரும் சாதனை என்பதில் ஐயமில்லை. ஒல்லாந்து ஓவியத்தின் முற்போக்கான பண்பு இதுவே.

ஆயினும் இந்த அன்றாட வாழ்க்கைக் காட்சிகளை எவ்வாறு வாசிப்பது என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1960களிலிருந்து எழுதிய எடி டி யோங் முதலானோர், அக்காலத்தில் வழங்கிய சின்னங்களும் அறவுரைகளும் அடங்கிய நூல்களோடு ஒப்பிட்டு, இப்படங்களில் மறைபொருள் உண்டெனக் காட்டினர். அணைந்த மெழுகுதிரி நிலையாமையையும், வாடும் மலர் இளமையின் குறுமையையும் உணர்த்தும் என்பது இவ்வகை விளக்கம். நிலையாமையைப் பாடிய நீண்ட மரபொன்றுக்கு உரியவர்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கக்கூடியது. இதற்கு மாறாக 1983இல் நூலொன்றை வெளியிட்ட சுவெற்லானா அல்பேர்ஸ், கதைசொல்லும் இத்தாலிய மரபின் அளவுகோலால் ஒல்லாந்து ஓவியத்தை அளத்தல் தவறு என்றார். தேசப்படம், உருப்பெருக்கிக் கண்ணாடி, அளவை ஆகியவற்றால் உலகை அறிந்த ஒரு பண்பாட்டின் விவரிக்கும் கலை இது என்பது அவர் வாதம். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று முழுமையாக மறுப்பனவல்ல. பொருள்களை ஆவலுடன் சேர்த்து, அவற்றைக் கணக்கிட்டு, அதே மூச்சில் செல்வம் நிலையாது என்று தம்மைத் தாமே எச்சரித்துக்கொள்ளுதல் அவ்வணிக வகுப்பின் இயல்பாகவே இருந்தது. சாவை நினைவூட்டும் மண்டையோட்டுப் படமும் விலைக்கு விற்கப்பட்ட பண்டமே.

கூட்டு உருவப்படங்களிலே இவ்வகுப்பின் தன்னுணர்வு இன்னும் தெளிவாகத் தோன்றுகின்றது. றெம்பிரான்ட் 1642இல் முடித்த 'இரவுக் காவல்' என வழங்கும் பெரும்படத்துக்கு, அதில் இடம்பெற்ற காவற்படையினர் ஆளுக்குச் சராசரி 100 கில்டர் செலுத்தினர் என்றும், படத்தில் தாம் பெற்ற இடத்துக்கேற்ப அத்தொகை கூடியும் குறைந்தும் இருந்தது என்றும் அவர்களில் ஒருவரே பின்னர் சாட்சியம் அளித்துள்ளார். திறமைமிக்க கைவினைஞன் ஒருவனின் நாட்கூலி ஏறக்குறைய ஒரு கில்டராக இருந்த காலம் அது. முகம் எவ்வளவு முன்னே தெரிகின்றதோ அவ்வளவு விலை! ஆயினும் றெம்பிரான்ட் அந்த விலைப்பட்டியலின்படி ஆட்களை வரிசையாக நிறுத்தவில்லை. ஒளியையும் இருளையும் கொண்டு, புறப்படவிருக்கும் ஒரு கூட்டத்தின் பரபரப்பையே முதன்மைப்படுத்தினார். வாங்குவோனின் வேண்டுகோளுக்கும் கலைஞனின் பார்வைக்குமிடையே நிகழ்ந்த இழுபறியாலேயே அப்படம் உயிர்பெறுகின்றது.

சட்டகத்துக்கு வெளியே

இனி, இக்கண்ணாடி காட்டாதவற்றை நோக்குவோம். குடியரசின் மிகப்பெரிய கைத்தொழில்களில் ஒன்று லெய்டன் நகரத்துக் கம்பளித் துணி உற்பத்தியாகும். அங்கு ஏழைக் குழந்தைகள் உட்படப் பெருந்தொகையினர் குறைந்த கூலிக்கு நூற்றனர், நெய்தனர். லெய்டன் துணி மண்டபத்துக்கென இச்செயல்முறைகளைக் காட்டும் சில படங்கள் நூற்றாண்டின் தொடக்கத்தை அண்டி வரைவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவை விதிவிலக்குகள். துணித்தொழில் என்றதும் ஒல்லாந்து ஓவியத்தில் நம் நினைவுக்கு வருவது, 1662இல் றெம்பிரான்ட் வரைந்த அம்ஸ்ரர்டாம் துணிப் பரிசோதகர்களின் கூட்டு உருவப்படமே. கறுப்பு உடையும் வெண்கழுத்துப்பட்டியும் அணிந்த ஐவர், பின்னால் நிற்கும் ஒரு பணியாளர், மேசைமீது செந்நிற விரிப்பு, ஒரு பேரேடு. துணியின் தரத்தை நிர்ணயித்தோர் படத்தில் உள்ளனர். துணியை நெய்தோர் இல்லை.

இவ்வாறு காணாமற்போனோர் ஒல்லாந்துக்குள் மாத்திரம் வாழ்ந்தவரல்லர். பீற்றர் கிளாஸ் 1627இல் வரைந்த சடப்பொருள் ஓவியம் ஒன்றில், வான்கோழி இறைச்சிப் பணியாரத்துக்கும் சிப்பிகளுக்கும் சீனத்துப் பீங்கானுக்கும் நடுவே, அச்சிட்ட தாளைச் சுருட்டிய சுருள் ஒன்றில் மிளகு இருக்கின்றது. அம்மிளகு ஒல்லாந்தரின் மேசைக்கு வந்த வழியைப் படம் கூறுவதில்லை. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1621இல், கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநராயிருந்த யான் பீற்றர்ஸ்சோன் கூன், சாதிக்காய் வாணிபத்தைத் தனியுரிமையாக்கும் பொருட்டு பண்டா தீவுகளின் குடிகளிற் பெரும்பகுதியினரைக் கொன்றும் பட்டினியிட்டும் நாடுகடத்தியும் அழித்தார். சடப்பொருள் ஓவியத்தின் ஆழ்ந்த அமைதி இவ்வன்முறையின் மறுபுறமாகும்.

கம்பனியின் ஆறு கிளைச் சபைகளில் ஒன்று வெர்மீரின் டெல்ப்ட் நகரில் இருந்தது. அவர் தம் தொழிலில் முதிர்ந்துவந்த காலத்திலேயே, 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து அக்கம்பனியின் வசமாயின. நெடுந்தீவுக்கு டெல்ப்ட் என்றும் காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம் என்றும் பெயர் சூட்டியோர் அவர்களே. இலங்கையின் கறுவா அவர்களது தனியுரிமைப் பண்டமாயிற்று. சலாகம சாதியினர் கறுவாப்பட்டை உரித்துக் கொடுக்கும் கட்டாய ஊழியத்துக்கு உட்படுத்தப்பட்டனர். நம் நாட்டு வரலாற்றில் இவை தனி அத்தியாயமாகவும், ஒல்லாந்துக் கலை வரலாற்றில் ஓவியங்கள் தனி அத்தியாயமாகவும் எழுதப்பட்டு வந்துள்ளன. இரண்டும் ஒரே கணக்கேட்டின் இரு பக்கங்கள் என்பதை மறத்தலாகாது.

கீழைத்தேயமும் அடிமைகளும் ஒல்லாந்து ஓவியத்தில் அறவே இல்லை என்பது இதன் கருத்தன்று. அவர்கள் எவ்வாறு இடம்பெற்றனர் என்பதே வினா. அல்பேர்ட் கைப் வரைந்த படமொன்றில் கம்பனியின் பெருவணிகர் ஒருவர் பத்தேவியாத் துறைமுகத்திலுள்ள கப்பல்களைத் தம் கோலாற் சுட்டிக்காட்டி நிற்கின்றார், அருகில் மனைவி, பின்னால் இருவருக்கும் குடை பிடித்தபடி ஓர் அடிமை. 1637 முதல் 1644 வரை பிரேசிலில் வாழ்ந்த பிரான்ஸ் போஸ்ற், அங்குள்ள கரும்பாலைகளைப் பசுமை சூழ்ந்த அமைதியான நிலக்காட்சிகளாக வரைந்தார். அடிமைகள் அப்படங்களிற் சிற்றுருவங்களாக உள்ளனர்; சவுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரிவதை இவர்கள் பொய்யாக வரையவில்லை. தெரிய வேண்டுவதையே தெரிந்தெடுத்து வரைந்தனர். 2019இல் அம்ஸ்ரர்டாம் நகர அரும்பொருட் காட்சியகம், இந்நூற்றாண்டைப் 'பொற்காலம்' என அழைப்பதைக் கைவிடுவதாக அறிவித்தமைக்குப் பின்னணி இதுவே. எவருக்குப் பொற்காலம் என்னும் வினா ஒல்லாந்திலேயே எழுந்துள்ளது.

பணிப்பெண்கள் இருவர்

இதுவரை கூறியவற்றிலிருந்து, ஒல்லாந்து ஓவியம் வணிக வகுப்பின் உடைமைப் பெருமிதம் மாத்திரமே என்று முடிவு செய்துவிடலாமா? ஜோன் பேர்ஜர் 1972இல் வெளியான தமது நூலில், எண்ணெய் வர்ண ஓவியமே உடைமையைக் கொண்டாடும் கலை என்னும் கருத்தை வன்மையாக முன்வைத்தார். அவரே, பிரான்ஸ் ஹல்ஸ் 1664ஐ அண்டி வரைந்த முதியோர் தருமசாலை நிருவாகிகளின் படங்களைப் பற்றி எழுதுகையில், வறுமையுற்ற முதியவர் ஒருவர் தம்மைப் போன்றோருக்குப் படியளப்போரை எவ்வாறு நோக்கினார் என்பதை நாம் அங்கே காணவேண்டும் என்றார். ஹல்ஸ் அப்போது நகரசபையின் உதவிப்பணம் பெற்று வாழ்ந்தவர். பொது விதியைக் கூறிய பேர்ஜருக்கே விதிவிலக்குகள் தேவைப்பட்டன. அவ்விதிவிலக்குகளை விளக்காத விமர்சனம் அரைகுறையானதாகும். இரண்டு பணிப்பெண்களை ஒப்புநோக்குவதன் மூலம் இதனை ஆராயலாம்.

முதலாமவள் வெர்மீரின் 'பால் வார்க்கும் பெண்.' இப்படம் 1658ஐ அண்டி வரையப்பட்டது எனக் கருதப்படுகின்றது. தடித்த கைகளும் முரட்டு மேலாடையும் உடைய ஒரு பணிப்பெண், மேசைமீது பாண் துண்டுகள் கிடக்க, மண்பாத்திரத்திற் பாலை வார்க்கின்றாள். அக்காலப் படங்களிற் பணிப்பெண்கள் சோம்பேறிகளாகவோ, காமக் குறிப்புக்கு உரியவர்களாகவோ காட்டப்படுவது பெருவழக்கு. வெர்மீரோ அவளது கவனத்தையே படத்தின் பொருளாக்கினார். அவளது மேற்றுணியின் நீலத்துக்கு, ஆப்கானிஸ்தானத்து வைடூரியக் கல்லிலிருந்து அரைத்தெடுத்த, அக்காலத்தில் மிக விலையுயர்ந்த வர்ணத்தைப் பயன்படுத்தினார். கத்தோலிக்க மரபில் அந்நீலம் பெரிதும் கன்னிமரியாளின் ஆடைக்கு உரியதாயிருந்தது. 2022இல் வெளியான ஆய்வு முடிவுகளின்படி, அவளுக்குப் பின்னே சுவரில் சாடிகள் தொங்கும் பலகையொன்றையும், கீழே கணப்புக் கூடையொன்றையும் அவர் முதலில் வரைந்து பின்னர் மறைத்துவிட்டார். இன்று நாம் காண்பது ஆணி அறைந்த தடங்கள் தெரியும் வெறுஞ்சுவர். கண்ணாடி எதையும் அழிப்பதில்லை, ஓவியன் அழித்தான். பொருள்களால் நிரம்பிய ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து பொருள்களை அகற்றி மனுஷியை நிறுத்தியமையே அவனது தீர்ப்பு. அவளை விலைகொடுத்து வாங்கியோர் செல்வந்தரே. 1696ஆம் ஆண்டு ஏலத்தில் அவள் விலை 175 கில்டர். எனினும் அப்படம் அவர்களது பெருமிதத்துக்குள் அடங்கிவிடவில்லை.

இரண்டாமவள் எல்ஸ்யே கிறிஸ்தியான்ஸ். டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியிலிருந்து பணிப்பெண் வேலை தேடி 1664இல் அம்ஸ்ரர்டாமுக்கு வந்த 18 வயதுப் பெண். வேலை கிடைக்கவில்லை. தங்கியிருந்த அறைக்கு வாடகை கொடுக்க முடியாமற்போக, வீட்டுக்காரியுடன் எழுந்த சச்சரவிற் கோடரியால் அவளைக் கொன்றாள். நகரின் நடுச்சதுக்கத்திற் பகிரங்கமாகக் கொல்லப்பட்டபின், அவளது உடல் அக்கரையிலுள்ள தண்டனைத் திடலில் ஒரு கம்பத்திற் கட்டித் தூக்கி வைக்கப்பட்டது. றெம்பிரான்ட் அங்கே சென்று அவளை இருமுறை வரைந்தார். சிறு தாள்கள், பேனாவும் மையும் தூரிகையும். தொங்கும் உடல், சரிந்த தலை, தலையருகே அந்தக் கோடரி. அவளது பெயரை நாம் அறிந்தது 1960களின் பிற்பகுதியில், அம்ஸ்ரர்டாம் ஆவணங்களின் துணையாலேயே ஆகும். அதுவரை, பாணியை மாத்திரம் கொண்டு கணித்தோர் இச்சித்திரங்களைச் சில ஆண்டுகள் முந்தியனவாகவே கருதினர்.

இச்சித்திரங்களை எவரும் வரையச் சொல்லவில்லை. அவற்றுக்குச் சந்தையும் இல்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1656இல், கடன் தீர்க்க வழியற்றவராகி வீட்டையும் சேகரிப்புகளையும் இழந்தவர் றெம்பிரான்ட். 1639இல் 13,000 கில்டருக்கு அவர் வாங்கிய பெருவீடு கைவிட்டுப் போய்விட்டது. அறவுரை எதுவும் அந்தத் தாள்களில் இல்லை; அருவருப்பும் இல்லை; வலிந்து வரவழைத்த இரக்கமும் இல்லை. ஒரு வீட்டில் இடம் கிடைத்திருந்தால் அவளும் பால் வார்க்கும் பெண்ணாக எவருடைய படத்திலேனும் நின்றிருக்கக்கூடும். இடம் கிடைக்காதவள் சட்டகத்துக்கு வெளியே, ஆற்றங்கரைக் கம்பத்தில் நின்றாள். கண்ணாடி அத்திசையை நோக்கித் திருப்பப்பட்ட அரிய கணம் அது. வாங்குவோன் இல்லாத இடத்திலேயே அது நிகழ்ந்தது.

முடிவுரை

1672இல் பிரான்சும் இங்கிலாந்தும் ஒல்லாந்தைத் தாக்கின. ஓவியச் சந்தை சரிந்தது. 1675இல் வெர்மீர் கடனுடன் இறந்தார். போர் தொடங்கியபின் தம் கணவரால் படங்களை விற்க முடியவில்லை என்று அவரது மனைவி முறையிட்டுள்ளார். பாணுக்குச் செலுத்தவேண்டிய 600 கில்டருக்கு மேற்பட்ட கடனுக்கு ஈடாக, இரண்டு ஓவியங்கள் பாண் சுடுபவரிடம் ஒப்படைக்கப்பட்டன. சாதாரண மனிதனின் சுவருக்கு ஓவியத்தைக் கொண்டுவந்த அதே சந்தை, ஓவியனின் மேசையிலிருந்து பாணைப் பறித்தது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறாத வரலாறு வரலாறாகாது.

மேற்கண்ட ஆய்விலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். ஒல்லாந்து ஓவியத்தின் யதார்த்தப் பண்பு, வணிக வகுப்பு பெற்ற வெற்றியின் விளைவு. அவ்வகுப்பே அன்றாட வாழ்வைக் கலைக்கு உரியதாக்கியது. எது அன்றாட வாழ்வு என்பதற்கு எல்லை வகுத்ததும் அதுவே. ஆகவே யதார்த்தம் என்பது விமர்சகனுக்கு விடையாக அமையாது, வினாவாகவே அமையவேண்டும்: எவருடைய யதார்த்தம்? அதே வேளையில், கொள்வோனின் வகுப்பைக் கூறியதோடு கலைஞனைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடுவதில்லை. வன் கோயெனின் விரைவும், வெர்மீர் மறைத்த சாடிகளும், றெம்பிரான்டின் தாள்களும், ஒரே சமுதாயத்திற்குள் நின்று வேறுவேறாக நிகழ்த்தப்பட்ட தெரிவுகள். சமுதாயம் தெரிவுகளின் எல்லையை வகுக்கின்றது, தெரிவோ கலைஞனுடையது.

நமது இலக்கியங்களையும் காலக்கண்ணாடி எனக் கூறி அமைதியடையுமுன், அக்கண்ணாடியின் சட்டகத்தைச் சற்றுத் தடவிப் பார்ப்பது பயனுடையது. அங்கே யார் நெய்தார்கள், யார் கறுவா உரித்தார்கள், எந்தப் பணிப்பெண்ணுக்கு வேலை கிடைக்கவில்லை என்ற வினாக்கள், ஒல்லாந்தருக்கு மாத்திரம் உரியனவல்ல.